நான் குறிக்காமல் விட்ட அழைப்புகள்

அத்தான் அன்றைக்குச் சாவியைத் திருப்பினார். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என்னைத் தவிர இதை நம்புகிறவர் இப்போது ஒருவரும் இல்லை. அத்தானே நம்பவில்லை.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் டெக்னீஷியன். ஊரில் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். நான் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். கொரோனாவுக்கு அலுவலகத்தை மூடி, வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்தேன். கொரோனா போயிற்று, நான் போகவில்லை.

எங்கள் கம்பெனி பழைய காத்தாடிகளுக்குப் புதிய கன்ட்ரோல் பெட்டி செய்து கொடுக்கிறது. கோபுரத்தின் அடிக்கதவைத் திறந்தால் உள்ளே சுவரில் இருக்கும். அத்தான் பராமரிக்கும் காத்தாடிகளில் பாதிக்கு மேல் எங்கள் பெட்டிதான். வெளியில் நின்று அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார், உள்ளே ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நான் கை வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு அலுவலகத்திலும் இந்த உறவு யாருக்கும் தெரியாது. மறைக்கவேண்டும் என்று மறைத்ததில்லை, சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சிஸ்டத்தில் என் பொறுப்பு ஷெட்யூலர். தெரியாதவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. எங்கள் சொந்த ஊர் கருங்கல் பக்கம். சிறுவயதில் காய்ச்சல் வந்தால் சந்தைக்குப் பின்னால் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். டாக்டர் ஒருவர், அறை ஒன்று, வாசலில் ஒரு கம்பவுண்டர். யார் உள்ளே போகலாம், யார் இன்னும் உட்காரவேண்டும், பிள்ளைக்கு வலிப்பு என்று ஓடி வருகிறவளுக்காக யாரை எழுப்பி வெளியே அனுப்பவேண்டும் என்பதெல்லாம் கம்பவுண்டர் கையில். டாக்டர் கெட்டிக்காரராக இருந்து பயனில்லை, கம்பவுண்டர் சரியாக இருக்கவேண்டும். பெட்டிக்குள் அந்த டாக்டர் மாதிரி ஒரே ஒரு பிராசசர். அதன் நேரத்துக்காகப் பதினோரு வேலைகள். காற்றின் திசையை அளப்பது ஒரு வேலை, சூடு பார்ப்பது ஒரு வேலை, அலுவலகத்துக்குத் தகவல் அனுப்புவது ஒரு வேலை. பெரும்பாலும் எல்லாம் தூங்கும். அழைத்தால் எழுந்து வரிசையில் நிற்கும், முறை வந்தால் ஓடும், முடிந்தால் மறுபடி தூங்கும். யாருக்கு எப்போது முறை என்று முடிவு செய்யும் கம்பவுண்டர்தான் ஷெட்யூலர்.

இரண்டு வருஷம் முன்னால் சில பெட்டிகள் காரணமில்லாமல் தானே அணைந்து எழுந்தன. என்ன நடக்கிறது என்று பார்க்க ஷெட்யூலருக்குள் ட்ரேஸ் வைக்கச் சொன்னார் மேனேஜர். கம்பவுண்டர் கையில் ஒரு நோட்டைக் கொடுப்பதுதான் அது. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும், இன்ன நேரம், இன்னார் வெளியே, இன்னார் உள்ளே என்று ஒரு வரி. எழுதும் நேரம் மிகமிகக் குறைவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நோட்டு எழுதுவதிலேயே பொழுது போய் டாக்டரைப் பார்க்க ஆள் போகாது. நோட்டும் சின்னது. பக்கம் தீர்ந்தால் முதல் பக்கத்தை அழித்து மேலே எழுதவேண்டியதுதான். பெட்டி திடீரென்று அணைந்தாலோ யாராவது அவசர நிறுத்தத்தை இழுத்தாலோ கடைசியாக எழுதியது மட்டும் பத்திரமாக நிற்கும்.

முறையாகச் செய்கிறவர்கள் இரண்டு விஷயத்தைக் குறிப்பார்கள். யார் உள்ளே போனார் என்பது ஒன்று. யார் வந்து வெளியே உட்கார்ந்தார் என்பது இன்னொன்று, அதாவது யாருக்கு அழைப்பு வந்தது என்பது. இரண்டாவதையும் எழுதினால் நோட்டு இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். மேனேஜருக்கு நீண்ட நேரத்துக்கான பதிவு வேண்டும். நான் சாயா குடித்துக்கொண்டே யோசித்தேன். சாயா தீர்வதற்குள் முடிவெடுத்துவிட்டேன், அழைப்பை விட்டுவிடலாம் என்று. உள்ளே போனவர்களைப் பார்த்தாலே போதும், யார் வந்தார் என்று ஊகித்துக்கொள்ளலாம். நான் பெரிய புத்திசாலி அல்லவா.

தானே அணையும் பிரச்சினைக்கு அது போதுமானதாகவும் இருந்தது. ஒரே வாரத்தில் கண்டுபிடித்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். ட்ரேஸைப் பிற்பாடு எடுக்கவில்லை, இருக்கட்டும் என்று எல்லாப் பெட்டிகளிலும் அப்படியே விட்டார்கள்.

காத்தாடியின் தலை காற்று வரும் பக்கம் பார்த்துத் தானே திரும்பும். உச்சியில் ஒரு பெரிய பல்சக்கரம், அதைத் திருப்ப மோட்டார். அந்தச் சக்கரத்துக்கு கிரீஸ் போட ஆள் ஏறும்போது மோட்டார் ஓடக்கூடாது. அதற்காகக் கீழே எங்கள் பெட்டியில் ஒரு சர்வீஸ் சாவி. அதைத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தானே பழைய இடத்துக்கு வந்துவிடும், திருப்பினாரா இல்லையா என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. திருப்பியவுடன் எட்டாவது வேலைக்கு அழைப்பு போகும். அது எழுந்து மோட்டாரைப் பூட்டி ஒரு பச்சை விளக்கைப் போடும். விளக்கைப் பார்த்துவிட்டு ஏறவேண்டும் என்பது விதி.

விதியை யார் பார்த்தார்கள். அடிக்கதவு திறந்திருந்தால் வெயில் நேரே விளக்கின் மேல் விழும். எரிகிறதா என்று தெரிய அதைக் கையால் பொத்திக் குனிந்து பார்க்கவேண்டும். அதனால் அங்கே ஒரு பழக்கம். ஒருவன் சாவியைத் திருப்புவான், மேலே ஏற நிற்பவன் "போட்டியா?" என்று கத்துவான், இவன் "போட்டாச்சு" என்று கத்துவான். பிறகு அவரவர் சாமியைக் கும்பிடுவார்கள். சிலர் ஏணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள். அத்தான் நெற்றியிலும் நெஞ்சிலும் குருசு போட்டுக்கொள்வார். அந்த நேரத்துக்குள் மோட்டார் பூட்டியிருக்கும். இத்தனை வருஷமும் பூட்டியிருந்தது.

போன ஆடியில் ஒரு காலை. காற்று கொஞ்சம் தணிந்த நேரம் பார்த்து அத்தானும் அவருடைய கூட்டாளியும் ஏறினார்கள். கூட்டாளி களியக்காவிளைக்காரர். அத்தானோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். இருவரும் எப்போதும் ஒன்றாகவே ஏறுவார்கள், வேறு ஆளோடு ஏறச் சொன்னால் ஏதாவது சாக்கு சொல்லிவிடுவார்கள். அவர் முன்னால் ஏறி பல்சக்கரத்தில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறியது, தலை திரும்பியது. பின்னால் ஏறி வந்த அத்தான்தான் அவசர நிறுத்தத்தை இழுத்தார். கூட்டாளியின் வலது கையில் மூன்று விரல் போயிற்று.

அத்தான் அன்று வீட்டுக்கு வந்து சட்டையில் இருந்த கிரீஸையும் ரத்தத்தையும் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். அக்கா அழுதுகொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான் திருப்பினேன் மக்கா. சாவித் தொளையில மண்ணு கேறிக் கெடந்தது. ரெண்டு மட்டம் அசைச்சு அசைச்சுத்தான் திரும்பிச்சு. டக்குன்னு சத்தம் கேட்டேன். பொறவுதான் போட்டாச்சுன்னு சொன்னேன்."

விசாரணையில் கூட்டாளியும் அதையேதான் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு, "அவன் போட்டாச்சுன்னு சொன்னான்னா போட்டுருப்பான் சார். பெட்டியப் பாருங்க" என்றார். பெட்டியைப் பார்த்தார்கள்.

பெட்டியிலிருந்து எடுத்த ட்ரேஸ் என்னிடம்தான் வந்தது. காத்தாடியின் எண்ணைப் பார்த்ததும் அத்தான் ஏறியது என்று தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும், இது என் அத்தான், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று. வேறு யாரிடம் கொடுத்தால் யார் அக்கறையாகப் பார்ப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். வரி வரியாகப் பார்த்தேன். காற்றின் திசை அளக்கும் வேலை ஓடியிருக்கிறது. மோட்டாரைத் திருப்பும் வேலை ஓடியிருக்கிறது. எட்டாவது வேலை தொடக்கத்தில் ஒரு தடவை மோட்டாரைப் பூட்டாமல் எழுந்து படுத்திருக்கிறது, பிறகு ஓடவே இல்லை.

ஓடாததற்கு இரண்டு காரணம் இருக்கமுடியும். சாவி திருப்பப்படவில்லை, அழைப்பே வரவில்லை என்பது ஒன்று. அழைப்பு வந்தது, ஆனால் கம்பவுண்டர் தவறவிட்டுவிட்டார் என்பது இன்னொன்று. எது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லவேண்டும். நோட்டில் அந்த வரியை எழுதவேண்டாம் என்று சொன்னவள் நான்.

அறிக்கையில் இரண்டே வாக்கியம் எழுதினேன். அந்த நேரத்தில் எட்டாவது வேலை ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பது இந்தப் பதிவிலிருந்து தெரியாது. மேனேஜர் இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிட்டார். வாங்கியவர்களைக் குழப்பும் என்றார். நான் ஒரு தடவை மறுத்தேன், அவர் ஏன் என்று கேட்டார். ஏன் என்று சொன்னால் சாயா குடித்துக்கொண்டே எடுத்த முடிவைச் சொல்லவேண்டும். அதோடு விட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது. முதல் வாக்கியம் மட்டும் காத்தாடிக் கம்பெனிக்குப் போயிற்று. எட்டாவது வேலை ஓடவில்லை, எனவே சாவி திருப்பப்படவில்லை. அவர்கள் அதை அப்படி வாசித்ததில் தப்பே இல்லை.

அத்தானை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள், விசாரணை முடியும்வரை. கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடித்துவிடலாம் என்றும் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். "வேலய விடு மக்கா, அது போனா போவட்டும். நான் போடாம அவன மேல விட்டேன்னு அவன் நினைக்கப்பிடாது. அது மட்டும் மதி எனக்கு" என்றார்.

அது மட்டும்தான் எனக்கும் வேண்டியிருந்தது. வேறு ஏதோ காரணம் சொல்லிக் கம்பெனியிலிருந்து அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வீட்டுக்கு வரவழைத்தேன். மாடி அறையில் மேஜைமேல் வைத்து மோட்டாருக்குப் பதில் ஒரு சின்ன விசிறியைக் கட்டினேன். காற்றுத் திசைக்குப் போலித் தகவல் கொடுத்தேன். சாவியைத் திருப்ப முதலில் ஒரு கருவி வைத்துப் பார்த்தேன். அது ஒரே சீரான இடைவெளியில் திருப்பியது. இந்த மாதிரிப் பிழைகள் சீருக்குக் கட்டுப்படாது, அதற்கு மனிதக் கை வேண்டும். அத்தானை மாடிக்குக் கூப்பிட்டேன்.

"எத்தன மட்டம் திருப்பணும்?"

"எரியாம இருக்கது வரைக்கும்."

காலையில் காப்பி குடித்துவிட்டு வந்து உட்காருவார். திருப்புவார், குருசு போடுவார், விளக்கைப் பார்ப்பார், காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு கிழிப்பார். முதல் நாளே சொன்னேன், இங்கே குருசு வேண்டாம் அத்தான், வெறும் மேஜைதானே என்று. "நான் போடல்ல மக்கா, கை தானே போவுது" என்றார். பிறகு நானும் சொல்லவில்லை. அந்த இடைவெளியும் அன்று நடந்த மாதிரியே இருக்கட்டும் என்று என் பங்குக்கு ஒரு கணக்கு.

இரண்டு நாள் அன்றைக்கு இருந்த அதே சாஃப்ட்வேரை ஓட்டினோம். எல்லாத் தடவையும் எரிந்தது. தவறினாலும் இதில் எழுதியிருக்காது என்பதால் மூன்றாம் நாள் ட்ரேஸைத் திருத்தினேன். அழைப்பு வரும் இடத்திலும் ஒரு வரி எழுத வைத்தேன். இரண்டு வருஷம் முன்னால் செய்திருக்கவேண்டிய ஏழு வரி. அதை எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

திரையில் இப்போது எல்லாம் தெரிந்தது. எட்டுக்கு அழைப்பு, எட்டு உள்ளே, எட்டு வெளியே. அத்தானுக்கும் இரண்டே நாளில் அந்த வரிகளை வாசிக்கத் தெரிந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துக் காட்டுவார்.

"இது நான் இப்ப திருப்பினதா?"

"ஆமா அத்தான்."

"அண்ணைக்கு உள்ளதுல இந்த வரி இல்லையா?"

"அண்ணைக்கு உள்ளதுல அந்த வரிய எழுதாண்டாம்னு நான்தான் வச்சிருந்தேன். நீங்க திருப்பியிருந்தாலும் இருக்காது."

"சரி" என்றார். புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருக்கும், அவர் இயந்திரம் தெரிந்த மனிதர். ஆனால் புரிவது வேறு, ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிவதை உட்கார்ந்து பார்ப்பது வேறு. நான் அதை யோசிக்கவில்லை. பிழையைத் தேடுகிறவளுக்கு எரியாத ஒரு தடவைதான் கண்ணில். எரிந்ததெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு எரிந்த ஒவ்வொன்றும் ஒரு சாட்சி, அவருக்கு எதிராக.

காலண்டரில் தாள் தீர்ந்து, பழைய காலண்டரை எடுத்தோம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் வந்தது, இந்த ஏழு வரியே பிழையை ஒளித்துவைக்கிறதோ என்று. அழைப்பை எழுதும் அந்தக் கண நேரத்தில் மற்ற எல்லாம் இம்மியளவு தள்ளிப்போகும். அந்த இம்மிக்குள்தான் பிழை இருந்தது என்றால், பார்க்கப் போனாலே மறைந்துவிடும். எங்கள் தொழிலில் இது கேள்விப்படாததல்ல. பார்க்காவிட்டால் நடக்கும், நடந்தது தெரியாது. பார்த்தால் நடக்காது. இதை அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இன்னும் கொஞ்சம் திருப்புங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அக்கா ஒருநாள் மாடிப்படியில் நின்று கத்தினாள். "ஏட்டி, மனுசன நீ கிறுக்கனாக்கப் போறியா? சோறு தின்னும்போதும் கை அப்பிடியே திருப்பிக்கிட்டு இருக்கு."

அத்தான் சிரித்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "எரியாம இருக்கவே இல்லையே மக்கா. ஒருவேள நான்…"

"இல்ல அத்தான். நீங்க திருப்பினீங்க."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லாமல் இருந்தேன், சொன்னதாகவே ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வரவில்லை. சாயங்காலம்தான் வந்தார். களியக்காவிளைக்கு பஸ் மாறிப் போய்க் கூட்டாளியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நானும் அக்காவும் வாசலிலேயே நின்று கேட்டோம்.

"மன்னிப்புக் கேட்டேன்" என்றார். "நான் திருப்பல்லன்னு சொல்லிட்டேன். இவ்வளவு நாளும் அவன் எனக்காவப் பேசிட்டு இருக்கான். கள்ளம் சொல்லி அவன அப்பிடிப் பேச வைக்கியது பாவம்லா."

"அவரு என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நேரம் என் மொகத்தையே பாத்தான். பொறவு எந்திச்சு உள்ள போய்ட்டான். அவன் பெண்டாட்டி வந்து, நீங்க போங்கன்னு சொன்னா."

மறுநாள் கம்பெனிக்குப் போய்க் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று என் கம்பெனியில் கேட்டார்கள். வந்தபோது இருந்த சாஃப்ட்வேரோடுதான் அனுப்பவேண்டும். என் ஏழு வரியை எடுத்துவிட்டுப் பழையதை ஏற்றினேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க நானே சாவியைத் திருப்பினேன். அத்தான் கீழே இருந்தார், அவரை இனிமேல் எதற்குக் கூப்பிடுவது.

விளக்கு எரியவில்லை.

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. போனை எடுத்துப் படம் பிடிக்கவேண்டும் என்று புத்தியில் பட்டு, கட்டிலில் கிடந்த போனைத் தேடி எடுத்து வருவதற்குள், வேறு ஏதோ ஒரு அழைப்பு போய் எட்டாவது வேலை எழுந்துவிட்டது. விளக்கு எரிந்தது, விசிறி நின்றது. அவசர நிறுத்தத்தை இழுத்து ட்ரேஸை எடுத்தேன். அந்த நேரத்தில் எட்டாவது வேலை ஓடவில்லை. ஆடி மாதத்து ட்ரேஸைப் பக்கத்தில் வைத்தேன். கடைசியில் எட்டு எழுந்த அந்த வரியைத் தவிர இரண்டும் ஒன்றேதான்.

பிறகு இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது. எட்டாவது வேலைக்குச் சாவியைத் தவிர வேறு சில்லறை அழைப்புகளும் வரும். அவற்றுக்கு எழுந்து மறுபடி தூங்கப் போகும் முன் யாராவது அழைத்தார்களா என்று ஒரு தடவை பார்க்கும், இல்லை என்றால் படுத்துவிடும். பார்த்ததற்கும் படுத்ததற்கும் நடுவில் ஒரு நூலிழை நேரம். அதற்குள் அழைப்பு வந்தால், இது இன்னும் விழித்துத்தானே இருக்கிறது, எழுப்பவேண்டாம் என்று ஷெட்யூலர் விட்டுவிடும். இதுவும் படுத்துவிடும். அடுத்து யாராவது தட்டும்வரை தூக்கம்தான். அந்த நூலிழைக்குள்தான் அத்தானின் சாவி திரும்பியிருக்கிறது. ஷெட்யூலர் என் பொறுப்பு என்று முன்னாலேயே சொன்னேன்.

மேனேஜரை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சாவி திருப்பியது பதிவில் இருக்கிறதா?" என்றார்.

"இல்லை. நான் திருப்பினேன்."

"நீ திருப்பினாய் என்பது எப்படித் தெரியும்?"

"நான்தான் திருப்பினேன் சார். என் கையால்."

பிறகு அந்த டெக்னீஷியன் எனக்கு என்னவேண்டும் என்று கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா வீட்டுக்காரர் என்றேன், ஒரே வீட்டில் இருக்கிறோம் என்றேன். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அந்த ஆளே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தபிறகு இதைக் கிளறவேண்டாம் என்றார். பிழை இருந்தால் திருத்திவிடு, நல்லதுதானே என்றார். திருத்தினேன். அடுத்த பதிப்பில் எல்லாப் பெட்டிகளுக்கும் போயிற்று. கூடவே அனுப்பிய குறிப்பில் அதற்குக் கிடைத்த இடம், சிறு மேம்பாடுகள் என்ற ஒரு வரி.

களியக்காவிளைக்கும் போனேன். கூட்டாளி வாசலுக்கு வந்தார், உட்காரச் சொன்னார். கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார். நான் சொல்லிமுடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"பிள்ள படிச்ச பிள்ள. எனக்கு இதொண்ணும் மனசிலாவாது" என்றார். "அவன் போடல்லன்னு பெட்டி பறஞ்சுது, நான் நம்பல்ல. ஆபீசர்மாரு பறஞ்சினும், நான் நம்பல்ல. அவன் வந்து பறஞ்சான். பின்ன நான் ஆர நம்பணும்?"

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

அத்தான் பின்வாசலில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் காத்தாடிகள் வரிசையாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு எரியாததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். பிழை என்னுடையது, நீங்கள் திருப்பினீர்கள் என்றேன். காகிதத்தில் அந்த நூலிழை இடத்தை வரைந்துகூடக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"எனக்காவ இப்பிடிக் கெடந்து வெப்ராளப்படாத மக்கா."

"நான் பாத்தேன் அத்தான்."

"நீ உன் மேசயில பாத்த. எனக்கு அண்ணைக்கு உள்ளது இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. கதவத் தொறந்தேன். அவன் ஏணியில நின்னுட்டு போட்டியான்னு கேட்டான். காத்து ஏறதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம். போட்டாச்சுன்னு சொன்னேன், குருசு போட்டேன், ஏறிட்டேன். சாவியில கையே வைக்கல்ல."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். கண்ணெதிரே பார்த்துச் சொல்கிற மாதிரி.

"சாவித் தொளையில மண்ணு கெடந்துதுன்னு சொன்னீங்களே" என்றேன். "ரெண்டு மட்டம் அசைச்சீங்க. டக்குன்னு சத்தம் கேட்டுதுன்னு சொன்னீங்க."

அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நானா? எப்பச் சொன்னேன்?"

அன்றைக்கு, சட்டையில் ரத்தத்தோடு, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அக்கா அழுதுகொண்டிருந்ததால் அவள் காதில் விழவில்லை. விசாரணையில் அதை யாரும் கேட்கவில்லை. நானும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.